ஒரு ஃப்ளஷ், வந்தது வந்தபடி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நானும் தங்கள் அக்காவும் மாடும் சௌக்கியம். அக்கா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை என்பதைத் தவிரக் குறையொன்றுமில்லை. தாங்களும் சௌக்கியம்தான் என்பது சற்றுமுன் போனில் கத்திய கத்தலிலேயே தெரிந்தது. பாதியில் வைத்துவிட்டீர்கள். அதனால் மீதியைப் பால் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டீர்கள். தரமாட்டேன். நம்ம டீச்சரம்மாவுக்கு (மாட்டைத்தான் சொல்கிறேன், அது பார்க்கிற பார்வை அப்படி) சினை ஊசி போட்டு, ஏழாம் நாள் டாக்டர் கருப்பையைக் கழுவி எடுக்கும் கருக்களைத் தங்கள் மாடுகளுக்குள் வைப்பதாக ஏற்பாடு. ஒரு கருவுக்கு இவ்வளவு என்று தாங்கள் விலை பேசினீர்கள். அதெல்லாம் வேண்டாம், ஒரு ஃப்ளஷ்ஷுக்கு, அதாவது ஒரு தடவை கழுவி எடுப்பதற்கு இவ்வளவு, வந்தது வந்தபடி உங்களுக்கு என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். போன தடவை இரண்டே இரண்டுதான் வந்தது என்பது எனக்குத் தெரியும், தங்களுக்குத் தெரியாது. இரண்டு தாள் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொன்றாய் வைத்திருக்கிறோம். எழுத்து எழுத்துதான்.

இன்று காலை நடந்ததைக் கேளுங்கள். டாக்டர் குழாயைச் செருகியதும் டீச்சரம்மா விட்ட உதையில் வாளி ஒரு பக்கம், என் கண்ணாடி ஒரு பக்கம், அதைத் தேடப்போய் நான் சாணியில் ஒரு பக்கம், எப்படியோ கருப்பையைக் கழுவி, அந்த நீரை வடித்த வடிகட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் மைக்ராஸ்கோப்பை வைத்தால் கரண்ட் போயிடுச்சு, அக்கா டார்ச் பிடிச்சா, டாக்டர் ஒரு மணி நேரம் குனிஞ்சு பார்த்துட்டு, "ஒண்ணுமே காணோமே சார், வடிகட்டியை இன்னொரு தடவை அலசிப் பார்க்கணும்"னார். எனக்கோ பசி. "அதை ஆஸ்பத்திரியில போய் அலசிக்குங்க, முதல்ல மேசையைக் காலி பண்ணுங்க"ன்னு அனுப்பிட்டேன். இதுல என் தப்பு என்ன இருக்கு? "பத்து மாட்டுக்கு ஊசி போட்டுத் தயாரா நிறுத்தியிருக்கேன், இது போனா பண்ணையையே மூடணும் அத்தான்"னு நீ அழுதா நான் என்னப்பா பண்றது? எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வந்தது வந்தபடி. சைபர் வந்தா சைபர்.

வீட்டில் குழந்தைகளுக்கும் கொட்டிலில் பத்து பேருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் சொன்ன சொல் மாறாத
அத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் டாக்டர் போன் செய்தார், வேறு ஏதோ விஷயமாக. அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். பணமா பெரிது? என் தாளைக் கிழித்துவிட்டேன். உன் பணம் முழுவதும் இத்துடன் இருக்கிறது. உன்னிடமுள்ள தாளை இதே வண்டியில் உடனே கொடுத்தனுப்பு. உடனே.

தம்பி, கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்துட்டுக் குளிக்கப் போயிருக்கார். பணத்தை நான் எடுத்து வச்சுட்டேன், அது அவருக்குச் சேர வேண்டியதுதான். வடிகட்டியை அலசினதுல பதினாலு கரு இருந்துதாம், பதினாலும் முதல் தரமாம். சாயங்காலத்துக்குள்ள டாக்டரைக் கூட்டிட்டுப் போய் உன் மாடுகளுக்கு வச்சுடு. தாளை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துடாதே.
— அக்கா