ஐந்து கால் ஆக்டோபஸ்

சனிக்கிழமை மத்தியானத் தூக்கத்தை இனி எவருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை என்று வில்பிரட் முடிவெடுத்த அன்றுதான், கீழ்க்கட்டளையின் சண்டே ஸ்கூல் குழந்தைகள் மொத்தமும் அவர் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கையில் கத்தரிக்கோலோடு.

பாலர் ஞாயிறுக்கு சர்ச் சுவரில் கடல் வேண்டுமாம். யோனாவை விழுங்கிய மீன், அதற்குத் துணையாக நண்டு, ஆமை, ஆக்டோபஸ், எல்லாம் வண்ணக் காகிதத்தில். சண்டே ஸ்கூல் டீச்சர் ஹில்டா. ஹில்டாவின் புருஷன் வில்பிரட். ஆகவே ஆக்டோபஸ் வில்பிரட் தலையில் விழுந்தது.

"நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க. உள்ள வேலை இருக்கு" என்று ஹில்டா போய்விட்டாள்.

மறுத்தால் சண்டை வரும். சண்டையில் அவர் ஜெயித்ததில்லை. ஆனால் வேறு ஒரு வித்தை வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் ரசத்தில் சர்க்கரை போட்டார். அடுப்படிக்கு அவரை அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. பட்டுச் சேலையை இஸ்திரி போட்டு ஜன்னல் வைத்தார். அந்த வேலையும் ஒழிந்தது. ஆக்டோபஸையும் அதே வழியில் அனுப்பிவிடலாம்.

ஐந்து கால் மட்டும் வைத்தார். கண்ணைக் கொண்டுபோய் ஒரு காலில் ஒட்டினார்.

"அங்கிள், மீதி கால் எங்க?" என்றாள் ஜெரூஷா.

"சுறா கடிச்சிடுச்சு."

அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் கவிழ்த்தது. ஆரோன் உடனே தன் ஆமையின் தலையை வெட்டினான். நண்டுகள் கொடுக்கை இழந்தன. எபி ஒரு சுறா செய்து, அங்கிளின் வழுக்கையில் பசை தடவி ஒட்டினான். ஹில்டா எட்டிப் பார்த்தபோது வில்பிரட் நம்பிக்கையோடு நிமிர்ந்தார். அவள் திட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சர்ச் சுவரில் ஊனமுற்ற கடல் ஒன்று தொங்கியது. ஆராதனை முடிந்து ஆயர் அறிவிப்புகளை வாசித்தார். மே மாத விடுமுறைப் பள்ளியில் கைவேலை வகுப்பு முழுவதும் சகோதரர் வில்பிரட் பொறுப்பு. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆரோன் விசிலே அடித்தான்.

வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் வில்பிரட் பொருமினார். "எனக்கு அது வராதுன்னு நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"வராதுன்னு சொன்னேங்க" என்றாள் பின்னாலிருந்து. "எனக்கு வராதுன்னு. அழகா செஞ்சு குடுத்த வரைக்கும் என்னை விடவே இல்ல. போன வருஷம் யோனா மீனுக்கு வாலை வாய் பக்கம் ஒட்டினேன். ஆயரம்மா வேற ஆள் கேட்டாங்க. உங்க பேரைச் சொன்னேன்."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"உங்க ரசத்துலதான்."

அடுத்த சனிக்கிழமையே மே மாத வகுப்புக்கு ஒத்திகை, ஜெல்லிமீன். உள்ளறையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. டீச்சர் தூங்குறாங்க, மெதுவா வெட்டுங்க என்று வில்பிரட்டே குழந்தைகளை அடக்கிக்கொண்டிருந்தார்.