நீலக் கதிரை

எங்கள் ஆஸ்பத்திரிக்கு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. கடும் நோயாளருக்கு உண்மையைத் தெரிவிக்கும் வைத்தியர் நின்றுகொண்டு தெரிவிக்கலாகாது. கட்டிலருகே கதிரையில் அமர்ந்து, நாற்பது விநாடி மௌனம் காத்து, பரிவுடன் தெரிவித்தல் வேண்டும். அதற்கென்று ஒவ்வொரு நோயாளர் வாட்டுக்கும் ஒரு நீலக் கதிரையும் தந்து, முதுகில் இலக்கமும் அடித்தார்கள்.

ஒரு மாதத்தில் வாட்டுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கதிரை போகிற கட்டிலில் சனம் அழத் தொடங்கிவிடும். கால் உளைவென்று தாதி கஜானி ஒருநாள் அதில் அமர்ந்ததற்கே, முன்கட்டில் குடலிறக்கக்காரர் காணியை மகளுக்கு எழுதிவிட்டார். மூட்டுநோவோடு கிடந்த எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பக்கத்துக் கட்டில் தம்பிஐயா கரவெட்டியில் வெங்காயம் செய்பவர். ஈரலில் புற்று. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"டொக்டர், இந்தக் கிழமை வெங்காயம் நடோணும். விளைஞ்சு கிண்டி எடுக்குமட்டும் நான் உயிரோடை இருப்பனோ? இல்லாட்டித் தோட்டத்தை மச்சானிட்டைக் குடுத்திடுவன்."

அவர் மனைவி கனகாம்பிகை ஏற்கெனவே டொக்டர் வாகீசனை வாசலில் மறித்து, "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தாங்கமாட்டார்" என்று கெஞ்சியிருந்தார். டொக்டர் நல்ல மனிதர், சொல்லத்தான் நினைத்தார். ஆனால் கதிரை இல்லை. பரிவுடன் உரையாடுவது பற்றிய கருத்தரங்கில் பிரதம விருந்தினர் அமர்வதற்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"நிண்டுகொண்டு சொல்லேலாது ஐயா."

"அப்ப கட்டிலிலை இருங்கோ."

"கட்டில் நோயாளருக்கு."

ஒன்பதாம் நாள் கதிரை வந்தது. டொக்டர் அதில் அமர்ந்து மௌனம் காத்தார்.

"மினக்கெடாதேங்கோ டொக்டர்," என்றார் தம்பிஐயா. "நீங்கள் கதிரை தேடினவுடனை விளங்கீட்டுது. மச்சான் நட்டு முடிச்சிட்டார். எனக்குத் தெரியுமெண்டு மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. தாங்கமாட்டாள்."

டொக்டர் சுற்றுநிருபத்தோடு வந்த படிவத்தில் 'உண்மையைத் தெரிவித்தவர்' என்ற இடத்தில் கதிரையின் இலக்கத்தை எழுதினார்.

பிறகு எழும்பி, கதிரையை என் கட்டில் பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, நின்றபடியே என் நோய்க்குறிப்புத் துண்டைப் பார்த்தார்.

"அண்ணை, உங்களுக்குப் பயப்பிட ஒண்டுமில்லை. நாளைக்கு வீட்டை போகலாம்."

நின்றுகொண்டு சொன்னதை எப்படி நம்புவது?

"டொக்டர்," என்றேன், "உதிலை ஒருக்கா இருந்து சொல்லுங்கோ."

அவர் பாவம், இருந்தார். நாற்பது விநாடி முடிவதற்குள் நான் மகளுக்கு ரெலிபோன் எடுத்து, காணி உறுதிப் பத்திரத்தைத் தேடச் சொல்லிவிட்டேன்.