வெள்ளிக்கிழமை வேனை அனுப்ப வேண்டாம் என்பது பற்றி

மேல்கந்தை தோட்டம், கீழ்ப்பிரிவு,
கலவான.
18.02.2003, செவ்வாய்க்கிழமை

இரத்தினபுரி பஜாரில் கடை வைத்து நாலு பேர் மதிக்க வாழ்ந்துவரும் சம்பந்தி மயில்வாகனம் அவர்களுக்கு, இருளப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே உடம்பு விஷயத்தில் எல்லாரும் நலம். அங்கே சம்பந்தியம்மா சீதாலட்சுமி, மாப்பிள்ளை உதயராஜ், எங்கள் மகள் சுமித்ரா, அவள் வயிற்றில் இருக்கும் பேரனோ பேத்தியோ, கடை, கடைக்கு வந்துபோகும் ஜனங்கள் எல்லாரும் நலமாக இருக்கக் கீழ்ப்பிரிவு மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறோம். மரியாதை இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், கடைசியிலும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். நடுவில்தான் ஒரு சங்கடம். நீங்கள் பெரிய மனது பண்ணி, டிரைவர் புவாட்டோடு வெள்ளிக்கிழமை விடியக்காலை அனுப்புவதாகச் சொன்ன வேனைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாமல் முழுவதையும் படிக்க வேண்டும். இது ஆரம்பித்ததே நீங்கள் வருசப் பிறப்புக்குக் கொடுத்தனுப்பிய கடைக் காலண்டரில்தான். ஜனவரிக்குக் காலிக் கோட்டையும் வெள்ளைக்காரன் கட்டிய தெருவும், பெப்ரவரிக்குத் திருகோணமலைக் கடற்கரை, மார்ச்சுக்குப் பொலன்னறுவையில் இடிந்து கிடக்கும் அரண்மனை என்று அச்சடித்திருந்தீர்கள் அல்லவா, என் வீட்டுக்காரி கருப்பாயி அந்த மூன்று தாளையும் முதல் நாளே புரட்டிப் பார்த்துவிட்டு, பெப்ரவரியில் போய் நின்றுகொண்டாள். டிசம்பரோடு அவளுக்கு வயது சரியாகி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், முப்பத்தாறு வருசம் கொழுந்து பறித்த கை சும்மா இருக்கிறது, காலையில் எழுந்ததும் காலண்டர் முன்னால் நிற்கிறாள். பத்து நாள் பார்த்துவிட்டு, "இது நம்ம நாட்டுலதானே இருக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஒருக்கா போய்ச் சும்மா பாத்துட்டு வரணுங்க" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் இதுதான், சம்பந்தி. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புத்தகத்தில் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். நம்ம தோட்டத்திலிருந்து கடலுக்கு நாற்பது மைல்கூட இல்லை. நாற்பது மைலில் கடலை வைத்துக்கொண்டு முப்பத்தாறு வருசம் அவள் கூடையோடு மலையில் நின்றிருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே நாலு நாள் திட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை மத்துகம வழியாக இறங்கி, கடலோரமாகவே போய்க் காலிக் கோட்டை. சனிக்கிழமை கொழும்பில் பழைய வெள்ளைக்காரக் கட்டிடங்கள். ஞாயிறு பொலன்னறுவை. இப்போது சண்டை நின்று பாதை திறந்திருப்பதால் திங்கள் திருகோணமலை. செவ்வாய் காலை உங்கள் வாசலில் வேன். திட்டம் போட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. பையைக் கட்டுகிறேன், அவிழ்க்கிறேன், கடலுக்குக் குடை கொண்டுபோவதா வேண்டாமா என்று தேயிலை ஸ்டோர் வாசல்வரை போய் யோசித்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

நான் பத்தொன்பது வருசமாக இந்தத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். என் காலத்தில் ஒரு சாவு வீட்டிலும் ஒரு குறை வந்தது கிடையாது. பந்தல், பாண், பிளேன்டீ எதுவும் ஒரு நிமிசம் பிந்தியதில்லை. ஆனால் பயணம் என்று ஒன்றை நடத்தியதில்லை, ஆகவே தெரிந்த முறைப்படியே செய்தேன். வீட்டில் வேறு தாள் இல்லாததால் சங்கத்துத் தாளிலேயே பட்டியல் எழுதினேன். முதலில் பெயர், கருப்பாயி. அதற்குக் கீழே வாகனம் ஒன்று, புறப்பாடு வெள்ளி காலை நாலு மணி, பாண் பத்து ராத்தல், வெற்றிலை பாக்கு. மறந்துவிடக்கூடாது என்று கதவு ஆணியில் மாட்டிவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள், சங்கத்துத் தார்ப்பாய்க்குப் பொறுப்பான காத்தமுத்து தார்ப்பாயைத் தலையில் சுமந்துகொண்டு வாசலில் நிற்கிறான், பின்னால் ரெண்டு லயத்து வீடுகளிலிருந்தும் பொம்பளைகள் படி அரிசியோடு நிற்கிறார்கள், ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். "ஒருத்தரும் சாகலடா" என்றேன். காத்தமுத்து நம்பவில்லை. "பட்டியல் ஒங்க கையெழுத்துதானுங்களே" என்றான். அந்த நேரம் பார்த்துக் கருப்பாயி தண்ணிப் பீலியிலிருந்து குடத்தோடு வந்தாள். அழுதுகொண்டிருந்தவள் அவளைப் பார்த்ததும் அரிசியைக் கொட்டிவிட்டாள்.

சாவு இல்லை, பயணம் என்று சொல்லி முடித்தேன். அங்கேதான் அடுத்த சனியன் பிடித்தது. நம்ம ஜனங்களுக்குப் பயணம் என்றால் கோயில், கோயில் என்றால் நேர்த்தி, வேறு எதற்கும் ஒருத்தன் வேன் பிடிப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. பொழுது சாய்வதற்குள் மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை பதினாலு வந்து சேர்ந்தது. ஐந்து கோணேஸ்வரருக்கு, மூன்று முன்னேஸ்வரத்துக்கு, மிச்சம் கதிர்காமத்துக்கு. பக்கத்து வீட்டு மருதாயி நேர்ந்துவிட்ட சேவலையே கொண்டுவந்து கட்டிவிட்டாள். கதிர்காமம் எங்கள் வழியில் இல்லை என்று சொன்னேன். "வேன்லதானே போறீங்க, கொஞ்சம் வளைச்சுக்கிட்டுப் போங்களேன்" என்றாள். கலவானையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஸம்சுதீன் நானாகூடச் செய்தி கேள்விப்பட்டு, பேருவளைப் பள்ளிவாசலில் கொளுத்தச் சொல்லி ஊதுபத்திக் கட்டு கொடுத்தனுப்பியிருக்கிறார். காணிக்கை வீட்டுக்குள் வந்தால் கவிச்சி கூடாது. கடற்கரையில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்ன வேண்டும் என்று நான் ஒரு மாதமாக மனதில் வைத்திருந்தேன் சம்பந்தி, உங்களிடம் சொல்வதில் வெட்கம் இல்லை, அந்த ஆசையில் ஒரு சட்டி மண் விழுந்தது. சேவல் வேறு விடிய மூன்று மணிக்கே கூவுகிறது.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கருப்பாயிக்கு அடையாள அட்டை இன்னும் வரவில்லை, வழியில் மறித்தால் காட்டக் கையில் ஒரு கடிதம் இருக்கட்டும் என்று நேற்றுக் கிராம சேவகரிடம் போனேன். நல்ல மனிசன். பெயர், விலாசம் எல்லாம் எழுதிவிட்டு, "மொக்கடத யன்னே?" என்று சிங்களத்தில் கேட்டார். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னேன். "நிகங் பலன்ன, மாத்தயா", சும்மா பார்க்க என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். யாருக்காவது சுகமில்லையா, கல்யாணமா என்று கேட்டார். இல்லை, சும்மாதான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா என்று சர்க்காருக்கு எழுத முடியாதாம், ஆகவே "வந்தனா" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். கோயில் யாத்திரையாம். நேற்றுப் பதினொரு மணியிலிருந்து நானும் கருப்பாயியும் சர்க்கார் கணக்கில் பக்தர்கள்.

சாயந்தரம் அந்தக் கடிதத்தையும் மூட்டைகளையும் சேவலையும் கருப்பாயி ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சாமி வேலைன்னா சாமி வேலையாவே போயிட்டு வருவோம். கடல இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். சுமித்ராவின் படிப்பு, என் ஆபரேசன், சுமித்ராவின் கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்ன வார்த்தைதான் இது. அவளுடைய இன்னொரு நாள் ஒருநாளும் வந்ததில்லை. அவளுக்காகப் போட்ட பயணத்தில் பதினாலு வீட்டு நேர்த்தியைச் சுமந்துகொண்டு மூன்று கோயில் வாசலில் வரிசையில் நிற்பதைவிட, போகாமலே இருக்கலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. வேன் பழுதாகிவிட்டது என்று உங்கள் பெயரில் ஒரு பொய் சொல்லிக்கொள்கிறேன், மன்னிக்க வேண்டும்.

மிச்சம் வைத்திருந்த மரியாதைகளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், சுமித்ரா படி இறங்கும்போது பார்த்து இறங்கச் சொல்லவும், புவாட் தம்பிக்கு ஸலாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட,
ச. இருளப்பன்

பி.கு.: அளுத்கம தாண்டிக் கடற்கரை, 21.02.2003, வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. மேலே எழுதியிருப்பது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கருப்பாயியிடம்தான் கொடுத்திருந்தேன். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் நான் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறவன் என்பது எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. அடுப்படியிலிருந்து முழுவதையும் கேட்டுவிட்டுக் கடிதத்தைத் தபாலில் போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள், ஆகவே இன்று விடியக்காலை வேன் வந்து வாசலில் நின்றது. புதன்கிழமை நான் சங்கக் கூட்டத்துக்குப் போன நேரத்தில், லயம் லயமாகப் போய்ப் பதினாலு முடிச்சையும் அவரவர் கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஊதுபத்தியையும் கலவானைக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டாளாம். மருதாயி சேவலை வாங்கிக்கொண்டு, "கோயிலுக்குப் போகாம அங்க போய் என்னாடி பண்ணுவே?" என்று கேட்டாளாம். "பாப்பேன்" என்று இவள் சொன்னாளாம். "பாத்துட்டு?" "பாத்துட்டு வருவேன்." அதற்குப் பிறகு மூன்று பேர் வேனில் இடம் இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

இன்று காலை ஒன்பது மணிக்கு முதன்முதலில் கடல் தெரிந்தது. அவள் புவாட்டின் தோளைத் தட்டி வேனை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய் மணலில் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் நாலு தடவை மணி பார்த்துவிட்டேன். இருட்டுமுன் காலிக் கோட்டைக்குப் போக வேண்டும், இப்போதே திட்டத்தில் ஆறு மணி நேரம் பிந்திவிட்டோம் என்றேன். "அந்தக் கோட்டை எத்தன வருசமா நிக்குது?" என்று கேட்டாள். முந்நூறுக்கு மேலே என்றேன். "இடிஞ்சு கெடக்கே, அந்த ஊரு?" ஒரு ஆயிரம் வருசம் இருக்கும் என்றேன். "அப்ப அதுக எங்கயும் ஓடிப் போயிராது. பேசாம ஒக்காருங்க, நான் இன்னும் பாத்து முடிக்கல" என்றாள். உட்கார்ந்தேன். முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. புவாட் தம்பி மீன் வாங்கி வந்திருக்கிறது. முத்திரை ஒட்டிய கடிதத்தை வீணாக்கக் கூடாது என்று இவள் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததால் இதைச் சேர்த்து எழுதுகிறேன்.

ஆகவே சம்பந்தி, வேன் செவ்வாய்க்கிழமை வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவசரமாக வேண்டுமானால் பஸ் ஏறி இங்கே வந்து அவளிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், எனக்குத் தைரியம் இல்லை. வரும்போது சம்பந்தியம்மாவையும் கூட்டி வரச் சொல்கிறாள். அவர்கள் கடல் பார்த்திருக்கிறார்களா என்று உங்களிடம் கேட்டு எழுதச் சொல்கிறாள்.