ஒரு தீபா நீளம்

அனுப்புநர்:
வே. அழகுராஜா (இரண்டாம் வகுப்பு தீபாவின் அப்பா),
அகரம்.

பெறுநர்:
தலைமையாசிரியை அவர்கள்,
நம்ம ஊர்த் தொடக்கப்பள்ளி.

நாள்: புதன்கிழமை

பொருள்: இரண்டாம் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டை வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம். தாங்களும் தங்கள் பள்ளியும், வாசலில் தாங்கள் வைத்த வேப்பங்கன்றும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்று சட்டம் வந்திருப்பதால் அதை மட்டும் எழுதாமல் விடுகிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. எங்கள் காலத்தில் கணக்கு என்றால் வாய்ப்பாடு, தப்பினால் பிரம்பு, அத்தோடு சோலி முடிந்தது. யாரும் எங்கள் வீட்டுக்கு வந்து எதையும் அளக்கவில்லை, குடும்பங்களும் நிம்மதியாக இருந்தன. மரியசெல்வி டீச்சர் இரண்டாம் வகுப்புக்கு வந்த நாளிலிருந்து, எல்லாவற்றையும் பிள்ளைகள் கையாலேயே செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்கிறார்கள். நல்ல கொள்கைதான். செய்வது பிள்ளைகள், பார்ப்பது டீச்சர், படுவது நான்.

முதலில் மிதப்பது, மூழ்குவது என்று ஒரு பாடம் வந்தது. தீபா மாட்டுத் தொட்டியில் கத்தரிக்காயைப் போட்டாள், மிதந்தது. எலுமிச்சையைப் போட்டாள், அதுவும் மிதந்தது. அடுத்து என் செல்போனைப் போட்டாள். "மிதக்கும்னு எழுதிட்டேன்ப்பா, தப்பாப் போச்சு" என்று அழுதாளே, அது போனுக்காக இல்லை அம்மா, நோட்டில் அடித்துத் திருத்த வேண்டி வந்ததற்காக. நாகல் நகரில் போன் கடைக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "எம்புட்டு நேரம்ணே தண்ணிக்குள்ள கெடந்துச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தீபா நோட்டைப் பார்த்து, "பன்னெண்டு நிமிசம்" என்றாள். உட்கார்ந்து நேரம் பார்த்திருக்கிறாள். அந்த நோட்டில் டீச்சர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்.

பிறகு விதை முளைப்பது. நான் நாற்று விட வைத்திருந்த ஒட்டுரகத் தக்காளி விதையைப் பிரித்து, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, பாதிக்கு ஊற்றாமல் வைத்து, தண்ணீர் இல்லாவிட்டால் முளைக்காது என்று எட்டு நாளில் கண்டுபிடித்தாள். இதை என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். போன வருசம் மழை பொய்த்தபோது முக்கால் ஏக்கரில் நான் கண்டுபிடித்ததும் இதையேதான், எனக்கு ஒருத்தரும் நட்சத்திரம் போடவில்லை. என் வீட்டுக்காரி புவனேஸ்வரியிடம் சொல்லி அழுதால், "பிள்ளை அறிவா வளருது, உங்களுக்கு என்ன பொச்சரிப்பு?" என்கிறாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தைப்பூசத்துக்கு முன்னால் நீட்டல் அளவை என்று ஒன்றை ஆரம்பித்தார்கள் பாருங்கள், அங்கேதான் என் குடி கெட்டது.

எங்கள் அப்பா சாகும் முன் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்து, நடுவில் ஒரு வரப்புப் போட்டு, கிழக்கே அண்ணன் அய்யனாருக்கும் மேற்கே எனக்கும் கொடுத்தார். போன வருசம் அண்ணன் அந்த வரப்பில் நின்றுகொண்டு, "ஏலே அழகு, வரப்புக்குக் காலு மொளச்சிருக்காடா? வருசா வருசம் என் பக்கமா நடந்து வருது" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நேரே காளியம்மன் கோயிலுக்குப் போய், என் மண்வெட்டி அந்த வரப்பைத் தொட்டதே இல்லை என்று ஊர் பார்க்க, எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. பொம்பளைகளுக்குள் பேச்சு நிற்கவில்லை. அதனால் அண்ணனும் அண்ணியும் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பியபோது, மகள் அய்யம்மாளை எங்கள் வீட்டில் விட்டுப் போயிருக்கிறார்கள். அவளும் தீபா வகுப்புதான். எங்கள் அம்மா பெயரை வைத்திருப்பதால் அவளை அதட்டவும் வாய் வரமாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டும் சும்மா இருக்க முடியாமல் தோட்டத்தின் அகலத்தைப் பாதம் வைத்து அளந்தன. எங்கள் பக்கம் தீபா அளந்து இருநூற்று இருபது பாதம். அண்ணன் பக்கம் அய்யம்மாள் அளந்து இருநூற்று ஆறு. "நம்ம தோட்டம்தான்ப்பா பெருசு!" என்று தீபா ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினாள். நான் விடுவேனா? "அட கூறுகெட்ட கழுதைகளா, ரெண்டு பேரு காலும் ஒண்ணா? அய்யம்மா காலு பெருசு, அதான் எண்ணிக்கை கொறையுது" என்றேன். அத்தோடு போயிருக்க வேண்டும். திங்கட்கிழமை தீபா வகுப்பில் இதைச் சொல்ல, டீச்சர் கைதட்டி, "உங்க அப்பா அருமையான கேள்வி கேட்டிருக்காரு, அதுதான் இன்னைக்குப் பாடம்" என்று சொல்லி, மத்தியானமே இருபத்திரண்டு பிள்ளைகளையும் வரிசையாக என் தோட்டத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்கள்.

இந்த முறை கால் இல்லை, ஒரே குச்சி. எங்கள் பக்கம் நாற்பத்து நான்கு குச்சி, அண்ணன் பக்கம் நாற்பத்திரண்டும் கொஞ்சமும். செடிக்கு இடையில் குச்சி புரண்டிருக்கும் என்றேன். "அதுவும் நல்ல கேள்விதான் சார், அப்போ கயிறு வச்சுப் பார்ப்போமா? உங்ககிட்ட நீளமான கயிறு இருக்கா?" என்றார்கள். அம்மா, என் புத்தியை நான் எதால் அடித்துக்கொள்வது? போர் மோட்டார் இறக்குகிற கயிற்றை நானே தூக்கி வந்து கொடுத்தேன். எங்கள் பக்கத்துக்குச் சரியாக இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டு, அந்தக் கயிற்றை அப்படியே அண்ணன் பக்கத்தில் விரித்தார்கள். அண்ணன் நிலம் முடிந்தும் கயிறு முடியவில்லை. மிச்சம் எவ்வளவு என்று பார்க்க என் மகள், யார் சொல்லியும் கேட்காமல், யூனிபாரத்தோடு மண்ணில் மல்லாந்து படுத்தாள். தலை முதல் கால் வரை கச்சிதமாக இருந்தது.

அதைத்தான் சார்ட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். "தீபா அப்பா தோட்டம், அய்யம்மாள் அப்பா தோட்டத்தை விட ஒரு தீபா அதிகம்." பக்கத்தில் ரெட்டைச் சடையோடு ஒரு பிள்ளை படுத்திருக்கிற படம் வேறு. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அண்ணன் பழனியிலிருந்து வியாழன் சாயங்காலம் வந்துவிடுவார், மகள் எழுதினதைப் பார்க்க மொட்டைத் தலையோடு முதல் ஆளாக வந்து உட்காருவார். சர்வேயர் வந்து சங்கிலி போட்டால்கூட லேசில் விடமாட்டேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை எந்தக் கோர்ட்டில் போய் எதிர்ப்பது?

எனவே, தவறான தகவல் உள்ள மேற்படி சார்ட்டை உடனே எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு அடக்கமாக வாய்ப்பாடு சொல்லித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காளியம்மன் அருளால் தாங்களும் மரியசெல்வி டீச்சரும் பல்லாண்டு வாழ்ந்து, முடிந்தால் வேறு ஊரில் பணியாற்ற வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வே. அழகுராஜா

பின்குறிப்பு (வியாழன் காலை): நேற்றே இதைக் கொடுத்தனுப்பியிருப்பேன். சாயங்காலம் பணியாரம் தின்றபடி அய்யம்மாள், "சித்தப்பா, எங்கப்பாவுக்கு மட்டும் எப்படி ஒரு தீபா கொறஞ்சுச்சு?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை அம்மா, பாடமாக நினைத்துத்தான் கேட்டாள். எங்கள் அம்மா பெயரை வைத்துக்கொண்டு கேட்டாள். கையிலிருந்த பணியாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

விடிந்ததும், எங்களுக்கு உழவு ஓட்டுகிற பாக்கியராஜின் டிராக்டரை வரச் சொன்னேன். வரப்பை என் பக்கமாகத் தள்ளு என்றதும் அவன், "என்னண்ணே, வழக்கமா அந்தப் பக்கமால்ல வரப்பைத் தள்ளுவோம்?" என்று பிள்ளைகள் முன்னால் கேட்டுத் தொலைத்தான். என் மண்வெட்டி படவில்லை என்பது சத்தியமான உண்மை. டிராக்டரைப் பற்றி அம்மனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு தீபா நீளமும் அண்ணன் பக்கம் போகட்டும் என்று நான்கடி தள்ளச் சொன்னேன். தீபா குறுக்கே வந்து நின்றுகொண்டாள். மண்கட்டி பொறுக்கி என் பக்கம் பத்து, அவள் பெரியப்பா பக்கம் ஆறு என்று வைத்தாள். "நாலு கூட இருக்குன்னு நாலையும் குடுத்தா அவங்களுக்குப் பத்து, நமக்கு ஆறு. ரெண்டு குடுத்தாத்தான்ப்பா எட்டு எட்டு" என்றாள். தங்கள் பள்ளியால் எனக்கு ஒரு போனும் ஒரு பொட்டலம் விதையும் போயிற்று, இரண்டடி நிலம் மிஞ்சிற்று.

ஆக, அந்தச் சார்ட்டை எடுக்கத்தான் வேண்டும். அதிலிருக்கும் கணக்கு இன்று காலை ஏழு மணியிலிருந்து தப்பு. மரியசெல்வி டீச்சரை எங்கேயும் அனுப்பிவிடாதீர்கள், மூன்றாம் வகுப்புக்கும் அவர்களே வரட்டும். வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் எல்லாரையும் தோட்டத்துக்குக் கூட்டி வந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். கயிறு தயாராக இருக்கிறது, ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். மறுமுனையைப் பிடிக்க எங்கள் அண்ணனை டீச்சர் கூப்பிடட்டும். நான் கூப்பிட்டால் வரமாட்டார்.