அசருக்குப் பிறகு மௌத்துக் கதை

சாய்ந்தமருது,
ஐப்பசி, 1957

கோமாரியில் தென்னந்தோட்டம் பார்த்திருக்கும் அன்பு மச்சான் முகம்மது தம்பி அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி மாப்பிள்ளை உதுமாலெவ்வை எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல நாயன் கிருபையால் உங்கள் தங்கச்சி சபியா உம்மா உயிரோடு இருக்கிறாள். நிந்தவூரிலிருந்து வேறு செய்தி வந்திருந்தால் நம்ப வேண்டாம்.

"கண்ண மூடினா மௌத்தாகிருவன்" என்று அவள் சாவுக்குப் பயந்து இரவெல்லாம் நடுங்கிக் கிடந்ததும், சோறு இறங்காமல் மெலிந்ததும் நீங்கள் அறிந்ததுதான். ஓதிய தண்ணீருக்கும் தலைக்கு வைத்த எண்ணெய்க்கும் கேட்காதபடியால், கல்முனைக்குப் புதிதாக வந்த டாக்குத்தர் அம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் மருந்துப் போத்தல் ஒன்றும் தரவில்லை. மௌத்துப் பயத்தைப் பகலிலே நேரம் ஒதுக்கி வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம், கேட்கிறவர் ஆறுதல் சொல்லாமல், "மறுகா?" என்று, அடுத்தது என்ன என்பதை மட்டும் கேட்க வேண்டுமாம், இரவில் பயம் வந்தால், "நாளைக்கு அசருக்குப் பிறகு வா" என்று அனுப்பிவிட வேண்டுமாம்.

கேட்பதற்குப் பக்கத்து வீட்டு ஸகியா வந்தாள். தனக்கும் நித்திரை இல்லை என்றாள். இந்த ஊரில் வயது போன பெண்கள் ஒருவருக்கும் நித்திரை இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பின்னேரம் அசர் தொழுத கையோடு தெருவே திரண்டு வருகிறது. வீடு உங்கள் தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்தது. எழும்பிப் போங்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது? குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

போன கிழமை வேலிக்கு வெளியே மீன்காரன் நிற்க, உள்ளே ஸகியா, "சரி, சபியாட மையத்தக் குளிப்பாட்டியாச்சு. மறுகா?" என்று உரத்துக் கேட்டிருக்கிறாள். அவன் சைக்கிளை மிதித்த வேகத்தில் செய்தி நிந்தவூர் போய், உங்கள் சாச்சா மகன் மசூர் ஒரு பஸ் சனத்தோடும் மையத்துக்குச் சுற்றும் கபன் துணியோடும் அழுதுகொண்டு வந்திறங்க, வாசல் கடப்படியில் நின்று "வாங்க, வாங்க" என்றது மையத்துத்தான். மசூர் மயங்கி விழுந்தான். உங்கள் தங்கச்சியோ அவனை விட்டுவிட்டுத் துணியைத் தடவிப் பார்த்து, "மருதமுனையில எவ்வளவு நல்ல துணி நெய்றாங்க! எனக்கு இந்தச் சல்லடையையா கொண்டந்த?" என்று சண்டைக்குப் போனாள். மௌத்து என்ற சொல்லுக்கே நடுங்கிய பெண், மச்சான்!

வந்த சனத்துக்கு முன்னாலேயே கூட்டமும் தொடர்ந்தது.

"என்னை அடக்கியாச்சு."

"மறுகா?"

"மறுகா என்ன, இவர் வேற கலியாணம் முடிப்பாரு."

"மறுகா?"

"இவர்ட குறட்டையில அவளுக்கும் நித்திரை வராது. அவளும் இஞ்சதான் வருவா, அசருக்கு!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மயக்கம் தெளிந்த மசூரும் சிரித்தான்.

அன்று முதல் அவளுக்கு இரவு இஷாவிலிருந்து விடியச் சுபஹு வரை ஒரே நித்திரை. எனக்குத்தான் மரியாதையும் இல்லை, சாய்ந்து கிடக்க ஒரு மூலையும் இல்லை, வீட்டில் சீனியும் இல்லை. ஆகவே கூடப்பிறந்த மூத்த காக்கா என்ற முறையில் நீங்கள் உடனே புறப்பட்டு வந்து இந்தக் கூட்டத்தைக் கலைத்துத் தர வேண்டும். வீட்டாருக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
உதுமாலெவ்வை

பி.கு.: மச்சான், வர வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடுமுன் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெண்ணும் வரவில்லை. தனியே இருந்த உங்கள் தங்கச்சி, "நீங்களாவது இரிங்களன்" என்றாள். இருந்தேன். "ஒங்களுக்கு என்ன பயம்?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லப் போன வாய் தன்பாட்டில், "நீ முந்திப் போனா நான் என்ன செய்ற?" என்றுவிட்டது. அவள் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து இருந்தாள். மழை விட்டதும் ஸகியா எட்டிப் பார்த்தாள். "எங்கட கதை இன்னும் முடியல்ல, போயிற்று வாகா" என்று அவளைத் திருப்பி அனுப்பியது நான்தான்.