துபாய் நேரம்

2025 ஜனவரி 27, திங்கட்கிழமை மாலை. பண்ணைப்புரத்தில் சீனிச்சாமி வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஏழு மணி காட்டியது. அதே வீட்டு பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்சர்லாந்துக் கைக்கடிகாரம் ஐந்தரை காட்டியது.

சீனிச்சாமி செல்போனையும் எடுத்துப் பார்த்தார். ஏழு. கைக்கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். நொடி முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நேத்து ராத்திரிதான சரியா வச்சேன்?"

"பெரிய எடத்துப் பொருளு. அதுக்கு என்ன அவசரம்," என்றாள் மனைவி பிச்சையம்மாள், முறுக்கு மாவு பிசைந்தபடி.

கடிகாரம் மாப்பிள்ளைக்கு. மகள் அபிதாவுக்கும் சின்னமனூர் சூரியபிரகாஷுக்கும் பிப்ரவரி பத்தாம் தேதி கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் முத்துராஜா ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, "அந்த வாட்சு ஒண்ணு போட்டுருங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்றார். வாழை விவசாயியான சீனிச்சாமி, சபையில் நாற்பது பேர் பார்க்கத் தலையாட்டிவிட்டார். விலையை மறுநாள்தான் விசாரித்தார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

கடைசியில் குமுளியில் ஒரு கடையில் அதே கம்பெனிக் கடிகாரம், ஒரு டாக்டர் கட்டிக் கழற்றியது, மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. பெட்டி இருந்தது. பில் இல்லை. அது பழசு என்பது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் மட்டும் தெரியும். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடாது. ஆனால் அபிதா அந்த வீட்டில் ஆயுசுக்கும் பழைய வாட்ச்காரர் மகள்.

சீனிச்சாமி தோட்டத்துப் பக்கம் ஒதுங்கிப்போய், மலையாளியான குமுளிக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"ஒன்றர மணிக்கூர் பின்னிலா?" என்றார் கடைக்காரர். "சேட்டா, டாக்டர் அதைத் துபாயில பத்து வருஷம் கட்டினதாணு. துபாய் மணி நம்மளவிட ஒன்றர மணிக்கூர் பின்னில். அது பழைய டைமுக்குப் போயி."

"விட்ட எடத்துக்குத் திரும்பி ஓட அது என்ன நாயா?"

"நல்ல சாதனம், சேட்டா. ஓர்மை உண்டு, பழசை மறக்காது."

சீனிச்சாமி நேரத்தைத் திருத்தி வைத்தார். செவ்வாய் மாலை எடுத்துப் பார்த்தபோது மறுபடியும் துபாய்.

சீர்ப் பொருட்களின் பொறுப்பு அக்கா சுருளியம்மாளிடம் இருந்தது. தேவாரத்தில் வாழ்க்கைப்பட்ட அவள், தம்பி மகள் கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்பே வந்து பீரோ சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளிடம் சீனிச்சாமி விவரத்தைச் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் கேட்டார்.

"யக்கா, அந்த வாட்சை யாராச்சும் தொட்டாகளா?"

"என்னைத் தாண்டி யாருலே தொடுவா? சீர்ப் பொருளு. கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு கெட்டது அண்ட விடுவேனா?"

புதன்கிழமை சீனிச்சாமி தேனிக்குப் பஸ் ஏறினார். கடிகாரம் பழுது பார்க்கும் பலவேசம், ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கேட்டார்.

"ஒரு நாளைக்கு எம்புட்டுண்ணே பின்னாடி போகுது?"

"ஒன்றரை மணி நேரம்."

"தோராயமாவா?"

"தோராயமெல்லாம் இல்ல. அளந்து வச்ச மாதிரி."

பலவேசம் லென்ஸைக் கழற்றிவிட்டார். "அஞ்சு நிமிசம் போற வாட்சு பாத்திருக்கேன், பத்து நிமிசம் போறது பாத்திருக்கேன். இதென்னண்ணே, பெர்மிசன் போட்டுட்டுப் போயிட்டு வருது?"

பேட்டரியை மாற்றி, உள்ளே சுத்தம் செய்து, சனிக்கிழமை வரை கடையிலேயே ஓடவிட்டார். ஒரு நொடி பிசகவில்லை. சீனிச்சாமி கும்பிடு போட்டு வாங்கி வந்தார். ஞாயிறு அதிகாலை பத்திரிகை வைக்க மதுரை, திண்டுக்கல் பக்கம் கிளம்பியவர், செவ்வாய் சாயங்காலம் திரும்பினார். கால் கழுவியதும் பீரோவைத் திறக்கச் சொன்னார்.

நாலரை மணி நேரம் பின்னால் இருந்தது.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் சுருளியம்மாள் மகன் திலீபன் அன்றுதான் லீவில் வந்திருந்தான். வேறு வழியில்லாமல் அவனிடம் சீனிச்சாமி எல்லாவற்றையும் சொன்னார். "உங்க ஆத்தாகிட்ட மூச்சு விடாத. விடியிறதுக்குள்ள தேவாரம் பூரா தெரிஞ்சிரும்."

திலீபன் போனில் ஏதோ தேடிவிட்டு நிமிர்ந்தான். முகம் சரியில்லை.

"மாமா, நாலரை மணி நேரம் பின்னாடின்னா அது சுவிட்சர்லாந்து டைமு."

"அப்ப துபாய விட்டுருச்சா?"

"கெளம்பிருச்சு. பொறந்த ஊருக்கே போயிருச்சு."

"அங்கனயாச்சும் நிக்குமா?" என்றாள் பிச்சையம்மாள்.

திலீபன் விரல் விட்டு எண்ணினான். "இல்லத்தே. இந்தக் கணக்குக்கு, தாலி கட்டுற அன்னைக்குக் கலிபோர்னியாவுல இருக்கும்."

புதன்கிழமை மறுபடியும் தேனி. பலவேசம் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதிக. இதுல ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுலதான் என்னமோ இருக்கு."

"எங்க வீட்டுல என்ன இருக்கு? எங்கக்காதான் இருக்கு."

"பீரோ இரும்பா?"

"இரும்புதான்."

"பாத்திகளா? காந்தம் புடிச்சிருக்கும். மெசினையே மாத்திருவோம். மரப்பெட்டியில வைங்க."

உள்ளே இருந்த அசல் மெஷினைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். அதே அளவில் வேறொரு மெஷின் உள்ளே போனது. "வெளிய பேரு இருக்குல்ல. மாப்பிள்ளை தொறந்தா பாக்கப் போறாரு?" என்றார். சோதனைக்கு முந்நூறு ரூபாய்க் கடிகாரம் ஒன்றையும் கையில் திணித்தார். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. ரெண்டும் பின்னாடி போனா வீட்டுலதான் கோளாறு."

சீனிச்சாமி இரண்டையும் மரப்பெட்டிக்குள் வைத்தார். அதன் சாவியையும் சுருளியம்மாள் வாங்கிக்கொண்டாள்.

வியாழன் மாலை பெட்டியைத் திறந்தால், முந்நூறு ரூபாய்க் கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. மற்றது துபாயில் இருந்தது.

"அப்ப வீட்டுல இல்ல," என்றான் திலீபன்.

"மெசினும் இல்ல," என்றார் சீனிச்சாமி.

"பேட்டரியும் இல்ல."

"அப்ப எதுலதான்டா?"

அந்த டாக்டர் உயிரோடு இருக்கிறாரா என்று குமுளியில் விசாரிக்கலாமா என்று சீனிச்சாமி கேட்டார். திலீபன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் நின்றது. மண்டபத்துப் பேச்சுக்காக வந்த முத்துராஜா, நாற்காலியில் உட்காராமலே மரப்பெட்டிக்கு நேராக நடந்தார்.

"அட, வாங்கியாச்சா! சொல்லவே இல்லயே." எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். "என்னங்க சம்பந்தி, ஒன்றரை மணி நேரம் பின்னாடி இருக்கு?"

சீனிச்சாமி மரப்பெட்டியின் மூடியைச் சாத்தினார். "அது வந்து... துபாய்..."

"துபாய்ல வாங்குனதா?"

"இல்ல, இல்ல. மதுரைதான்."

"மதுரையில வாங்குன வாட்சு துபாய் டைமா காட்டும்?"

"வெளிநாட்டுப் பொருளுங்க. அப்படித்தான் இருக்கும்னாக," என்று பிச்சையம்மாள் காபியை நீட்டினாள்.

முத்துராஜா காபியை வாங்கிக்கொண்டார். சிரிக்கவில்லை. "பழசப் பாலீசு போட்டுப் புதுசுன்னு தலையில கட்டுற காலம். ஏமாந்துருக்கப் போறிக. ஒண்ணு செய்ங்க, சபையில தட்டு வைக்கையில பில்லையும் சேத்து வச்சிருங்க. நாலு பேரு வாய அடைச்சிரலாம்."

கார் போனபின் சீனிச்சாமி முந்நூறு ரூபாய்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குமுளிக்குப் போனார். கடைக்காரர் கடிகாரத்தின் முதுகைத் திறந்து பார்த்தார். பிளாஸ்டிக் கவரில் இருந்ததையும் பார்த்தார். "சேட்டா, உடம்பு வேற, உயிரு வேறயாயிட்டு கொண்டுவந்திருக்கீங்களே" என்று சொல்லி, வாங்கின விலையில் பாதிக்கு எடுத்துக்கொண்டார். அன்று மத்தியானமே பிச்சையம்மாளின் எட்டுப் பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. அது போதாமல் டிராக்டரின் ஆர்.சி. புத்தகமும் போனது. சனிக்கிழமை மதியம் சீனிச்சாமியும் திலீபனும் மதுரையில், குளிரூட்டப்பட்ட ஒரு ஷோரூமில், அதே கம்பெனியின் அதே மாதிரிக் கடிகாரத்தை முழு விலைக்கு வாங்கினார்கள். பில் கிடைத்தது. வாரன்டி அட்டை கிடைத்தது. ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தார்கள்.

"புது மாடல்ல, நேரம் திருத்துற திருகைத் தண்ணி உள்ள போகாம இருக்க மரை போட்டு இறுக்கியிருக்கும் சார், அதை மட்டும் யாரும் நோண்டாம பாத்துக்கங்க" என்றார் விற்பனையாளர்.

"எங்க வீட்டுல யாரும் தொட மாட்டாக," என்றார் சீனிச்சாமி.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சாவியை வாங்கி, யாருக்கும் தெரியாமல் புதிய கடிகாரத்தைப் பழையது இருந்த மரப்பெட்டியில் வைத்தார். இரவு பத்து மணிக்குப் பார்த்தார். சரியாக இருந்தது. ஞாயிறு காலை பார்த்தார். சரியாக இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கும் சரியாக இருந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மணி நாலரை. பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மைக் செட்டுக்காரர் சோதனை போட்டுக்கொண்டிருந்தார். சீர்த்தட்டு அடுக்கும் அறையிலிருந்து சுருளியம்மாள், சீனிச்சாமியைக் கூப்பிட்டபடி வெளியே வந்தாள். ஒரு கையில் கடிகாரம் இருந்தது. இன்னொரு கையில் பாக்கு வெட்டி இருந்தது.

"ஏலே சீனி, இந்தத் திருகு என்னலே இன்னைக்கு இழுத்தா வர மாட்டேங்குது? தெனமும் சட்டுன்னு வந்துரும். செத்த இழுத்து விடு, ராகுகாலம் முடியிற வரைக்கும் நிப்பாட்டி வைக்கணும்."