ஒன்றாம் நம்பர் டோக்கன்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். கையெழுத்துப் போடுவேன். தையல் டேப்பில் உள்ள நம்பரையெல்லாம் கடகடவென்று சொல்வேன். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். அப்படிப் பேச்சை மாற்றிப் பழகிய புத்திதான் ஒரு நாள் பதினைந்து பெண்களின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

தொண்ணூறுகளின் நடுவில், தங்கச் சுரங்கத்தில் ஆள் குறைத்துக்கொண்டே வந்த நேரம். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், தொழிலாளி வீட்டுப் பெண்களுக்குத் தையல் பயிற்சி தொடங்கினார்கள். ஆறு மாதம் கற்றுக்கொண்டால் பெங்களூர் துணிக் கம்பெனியில் வேலைக்குப் போகலாம். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் பாதிப் பேர் உடம்பில் நான் தைத்த ரவிக்கைதான். அதனால் டீச்சர் வேலை என்னைத் தேடி வந்தது.

கூடவே ஒரு பதிவேடும் வந்தது. தினமும் வந்தவர்கள் பெயரை அதில் எழுத வேண்டுமாம். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், ஷிப்டுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் வழி கிடைத்தது. சுரங்கத்தில் இறங்குகிறவர் ஒவ்வொருவரும் தன் நம்பர் போட்ட டோக்கனை எடுத்துக்கொண்டு போவார். மேலே வந்ததும் ஆணியில் மாட்டுவார். ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று தெரிந்துவிடும். பேரே எழுத வேண்டாம்!

பிஸ்கட் டப்பா மூடியை வெட்டிப் பதினாறு வில்லை செய்து நம்பர் குத்தித் தரச் சொன்னேன்.

"இன்னாமே, தையல் சொல்லிக் குடுக்கப் போறியா, ஷாஃப்டுல எறக்கப் போறியா?" என்றார்.

"ஒழுங்குன்னா இன்னான்னு உங்க சுரங்கமே என்னப் பாத்துக் கத்துக்கப் போவுது" என்றேன். ஒன்றாம் நம்பரை எனக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் வணக்கம் கூடச் சொல்லாமல் சட்டம் சொன்னேன். சுரங்கத்துச் சங்கு ஊதினால் கதவு சாத்தப்படும். அடுத்த சங்கு ஊதி, டோக்கன் எல்லாம் ஆணிக்கு வந்த பிறகுதான் யாரும் வெளியே போகலாம். என்னை அக்கா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர். நான் தைக்கும்போது வாயைத் திறந்தால் வெளியே. கேள்வி கேட்டால் அதுவும் வெளியே. (கேள்வி என்றால் எனக்கு உதறல். எவளாவது ஒருத்தி புத்தகத்தை நீட்டி "இது இன்னா டீச்சர்?" என்று கேட்டுவிட்டால்?)

ஒரு மாதம் வகுப்பு சாவு வீடு மாதிரி அமைதியாக இருந்தது. நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பெங்களூர்க் கம்பெனியிலிருந்து ஒரு சூப்பர்வைசர் அம்மா வந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் எங்கள் பெண்களை வேலைக்கு எடுப்பார். பிடிக்காவிட்டால் அந்த மாடிக்கே பூட்டுதான். முதல் வரிசையில் இருந்த மேரியின் அப்பாவை அந்த வாரம்தான் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். அவள் அழுத முகத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மா முன்னால் என் திறமையைக் காட்டாமல் இருப்பேனா? ஒரு பள்ளிக்கூடப் பாவாடையை எடுத்தேன். டேப்பைத் தூக்கி எறிந்தேன். "அளவெல்லாம் கண்ணுலயே கீது" என்று சொல்லி, என் டோக்கனையே மடிப்புக்குள் வைத்து, அந்த அகலத்துக்கு மடித்து, டோக்கனை நகர்த்தி நகர்த்தி ஓட்டினேன். கண் துணியில் இல்லை, அந்த அம்மா முகத்தில். மிதி மிதியென்று மிதித்து, ஒரு சுற்று முடித்து, நூலைப் பல்லால் கடித்து நிமிர்ந்தேன். பதினைந்து பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரமித்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

சங்கு ஊதியது. டோக்கன்கள் ஆணிக்கு வந்தன. ஓர் ஆணி மட்டும் காலி. ஒன்றாம் நம்பர்!

"என் டோக்கன எவ எடுத்தது?" என்று கத்திவிட்டுக் கதவைத் தாழ்போட்டேன். பைகளைக் கொட்டச் சொன்னேன். மெஷின்களைச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. ரோஷம் தலைக்கேறி, அந்த சூப்பர்வைசர் அம்மாவிடமே, "மேடம், உங்க ஹேண்ட்பேக்கையும் கொஞ்சம்..." என்று கையை நீட்டினேன். (இதை எழுதும்போதும் காது சுடுகிறது.)

அவர் பையைத் திறந்து காட்டினார். அதில் ஒரு சீப்பும் இரண்டு வாழைப்பழமும் இருந்தன. பிறகு என் பாவாடையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அது மெஷின் காலில் பட்டு 'டிங்' என்றது. இன்னொரு முறை ஆட்டினார். டிங்.

"இன்னாம்மா இது? பாவாடைக்கு மணி கட்டுவீங்களா?"

மேரி மெதுவாக எழுந்தாள்.

"டீச்சர், நீங்க உள்ள வெச்சித் தெக்கும்போதே பாத்தேன்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?"

"வாயத் தொறந்தா வெளிய போன்னீங்களே. இன்னிக்கு நான் வெளிய போவ முடியாது டீச்சர். எங்கப்பாவுக்கு வேல இல்ல."

பின்னால் ஒருத்தி, "நானுந்தான் பாத்தேன்" என்றாள். பதினைந்து பேரும் பார்த்திருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் அம்மா சிரிக்கவில்லை. "இதுல வேற இன்னா தப்பு பாத்தீங்க?" என்று பெண்களைக் கேட்டார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். வீராப்பை எச்சிலோடு விழுங்கிவிட்டு, "சொல்லுங்கடி" என்றேன். பாவிகள், ஒரு மாதம் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினார்கள். மடிப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது, நூல் கலர் வேறு, இடுப்புப் பட்டி திருகியிருக்கிறது... விரல் விட்டு எண்ணினேன், விரல் போதவில்லை.

"கண்ணு நல்லா இருக்கு. வாய்தான் இல்ல" என்றார் அந்த அம்மா. "தப்பப் பாத்தும் சொல்லாத பொண்ணு எனக்கு வேணாம். அடுத்த மாசம் வரேன்." வாழைப்பழம் ஒன்றை மேரியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம்தான் சொன்னார். "டோக்கன் ரூல எடுத்துக்கினு போனியே, அதுக்கு மேல ஒரு ரூல் கீது, அத உட்டுட்டியே. சுரங்கத்துல தலைக்கு மேல கல்லு உதுந்தா யாரு வேணா கத்தலாம். நேத்து சேந்தவன் கத்தினாலும் மேஸ்திரி ஓடணும்."

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக, "எனக்குப் பேர் எழுத வராது. அதுக்குத்தான் டோக்கன்" என்று சொன்னேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. மேரி வந்து பதிவேட்டை வாங்கிக்கொண்டாள். "டீச்சர், நீங்க காலர் சொல்லிக் குடுங்க. நான் பேரு சொல்லிக் குடுக்கறேன்."

"புது ரூல் ஒண்ணே ஒண்ணுதான்" என்றேன். "தப்பப் பாத்தா கத்தணும். என் தப்புன்னா ரெண்டு மடங்கு கத்தணும்."

அதற்குப் பிறகு அந்த மாடியில் நடந்த சத்தத்தில் கீழ்க் கடைக்காரர் இரண்டு முறை சண்டைக்கு வந்தார். அடுத்த மாதம் அந்த அம்மா ஒன்பது பேரை எடுத்தார். அடுத்த தடவை மிச்சம் ஆறு பேரையும்.

மேரியைக் கம்பெனியில் தப்புப் பார்க்கிற வேலையிலேயே போட்டார்கள். அவள் கிளம்புவதற்கு முன்பே, பதிவேட்டில் அவள் பெயரைத்தான் நான் முதலில் எழுதினேன். 'மேரி' என்று இரண்டே எழுத்து, அதற்கு முக்கால் பக்கம் ஆயிற்று.

சுரங்கம் மூடியாயிற்று. டோக்கன் கதை எங்கள் வீட்டில் மட்டும் மூடவில்லை. சாவி காணோம், கண்ணாடி காணோம் என்று நான் தேட ஆரம்பித்தால் போதும், என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மொதல்ல உன் பொடவ மடிப்ப ஆட்டிப் பாரு, டிங்குன்னு கேக்குதா" என்பார்.

போன வாரம் ஆட்டிப் பார்த்தேன். சாவி இடுப்பில்தான் இருந்தது.